பேல், என்டிஎஸ்சி டிவிடி வட்டுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ பதிவான திருமண வட்டு டொராண்டோவில் ஓடாமல் போவதும், அங்கே நடந்த அரங்கேற்றத்தின் வட்டு இங்கே வந்து நடுங்கியபடி ஓடுவதும் பல குடும்பங்கள் அறிந்த துன்பம். இவற்றில் பெரும்பாலானவை திரும்ப எடுக்க முடியாத பதிவுகள் என்பதால், மாற்றும் வேலையை அவசரமாகச் செய்து படத்தைக் கெடுத்துவிடாமல் இருக்க உதவும் செய்திகளைக் கேள்வி பதிலாக இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஊரில் நன்றாக ஓடிய வட்டு கனடாவில் ஏன் ஓடவில்லை?

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பழைய தொலைக்காட்சி முறை பேல். அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவற்றின் முறை என்டிஎஸ்சி. பேல் வட்டில் படம் 720 × 576 புள்ளிகளாகவும் விநாடிக்கு 25 பிரேம்களாகவும் (அதாவது தனித்தனி நிலைப்படங்களாகவும்) இருக்கும்; என்டிஎஸ்சி வட்டில் 720 × 480 புள்ளிகளாகவும் விநாடிக்கு 29.97 பிரேம்களாகவும் இருக்கும். பேல் நாடுகளில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்கும்படி செய்யப்பட்டவை. வட அமெரிக்கச் சந்தைக்கென்று செய்தவற்றில் பல, பேல் வட்டைக் கண்டால் ஓட்ட மறுத்துவிடும், அல்லது அந்தத் தொலைக்காட்சி ஏற்காத வடிவில் படத்தை அனுப்பும். ஆகையால் இந்தச் சிக்கல் அங்கிருந்து இங்கே வருவதைவிட இங்கிருந்து அங்கே போகும்போதுதான் அதிகம்.

பிரான்ஸின் செக்காம் முறையைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். டிவிடியைப் பொறுத்தவரை அப்படித் தனி வகை எதுவும் இல்லை. பிரான்ஸில் விற்கும் வட்டுகளும் 576 வரி, 25 பிரேம் கொண்டவையே.

வட்டின் மண்டலக் குறியீடும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை, இரண்டும் வேறு. மண்டலக் குறியீடு என்பது எந்த நாட்டில் விற்ற வட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று படநிறுவனங்கள் வைத்த வணிகப் பூட்டு. அமெரிக்காவும் கனடாவும் 1ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். ஜப்பானும் பிரிட்டனும் ஒரே 2ஆம் மண்டலத்தில் இருந்தும், ஜப்பானிய வட்டு என்டிஎஸ்சி, பிரிட்டன் வட்டு பேல் என்பதை நினைவில் கொண்டால் குழப்பம் நீங்கும். வீட்டில் எழுதும் விழா வட்டுகளுக்குப் பொதுவாக மண்டலப் பூட்டே இருப்பதில்லை.

29.97 என்ற அரைகுறை எண் எங்கிருந்து வந்தது?

கறுப்பு வெள்ளைக் காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி விநாடிக்குச் சரியாக 30 பிரேம்களோடுதான் ஓடியது. அந்நாட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். 1953இல் வண்ணம் சேர்த்தபோது, வண்ணத்துக்கான அலை ஒலியைச் சுமக்கும் அலையோடு மோதித் திரையில் கோலம் போடாமல் இருக்க, வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். மிகத் துல்லியமாகச் சொன்னால் அது 30,000ஐ 1,001ஆல் வகுத்துக் கிடைக்கும் எண். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனப் பொறியாளர் வால்ட்டர் புரூக் 1960களில் உருவாக்கிய பேல் முறை, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஒட்டிய 25 பிரேம்களை அப்படியே வைத்துக்கொண்டது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது தேர்ந்தெடுத்ததும் அந்த முறையைத்தான்.

வட்டுக்குள் இருக்கும் எண்முறைப் பதிவில் வண்ணத்தை எழுதும் விதம் இரண்டு வகையிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே நாம் மாற்ற வேண்டியவை வரிகளின் எண்ணிக்கையும் பிரேம் வேகமும்தான். வரிகளை மாற்றுவது எளிது; வேகத்தை மாற்றுவதில்தான் முழுச் சிரமமும் இருக்கிறது.

கட்டாயம் மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் மாற்றம் எதுவானாலும் படத்தின் தரம் சற்றுக் குறையும். கணினிக்குப் பேல், என்டிஎஸ்சி வேற்றுமை ஒரு பொருட்டே அல்ல, வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருள் இரண்டையும் ஓட்டும். வட்டில் இருப்பதை எம்பி4 கோப்பாக்கி, பிரேம் வேகத்தைத் தொடாமல், யூஎஸ்பி வழியாகப் பார்க்க இன்றைய தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவை இடம் கொடுக்கின்றன. இரண்டு முறையையும் ஓட்டும் பிளேயரை வாங்கி அனுப்புவதும் ஒரு வழி. ஆனால் ஊரிலும் அயலிலும் உள்ள முதியவர்களுக்கு, பழகிய பிளேயரில் வட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்துவதே வசதி. அவர்களுக்காக முறையாக மாற்றிய ஒரு வட்டைச் செய்து கொடுப்பது மதிப்புள்ள வேலை என்றே நான் நினைக்கிறேன்.

மாற்றத் தொடங்கும் முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

வட்டு எந்த வகை என்பதைவிட, அதில் உள்ள படம் முதன்முதலில் எப்படிப் பதிவானது என்பதே முக்கியம். இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த மென்பொருளின் பொத்தானை அழுத்தினாலும் விளைவு குருட்டாம்போக்கில்தான் அமையும்.

பதிவுகள் மூன்று விதம். திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்பட்டது. பழைய வீடியோ கேமராவில் எடுத்த விழாப் பதிவு இன்டர்லேஸ் வகை: ஒவ்வொரு பிரேமிலும் ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தையும் இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தையும் காட்டும். இந்தப் பாதிப் படங்களுக்கு ஃபீல்டு என்று பெயர். பேல் முறையில் விநாடிக்கு 50, என்டிஎஸ்சியில் 59.94 ஃபீல்டுகள். மூன்றாவது, அண்மைக்காலக் கேமராக்களில் முழுமுழு பிரேம்களாக 25 அல்லது 29.97 வேகத்தில் எடுத்தவை.

எந்த விதம் என்று கண்டறிய, வி.எல்.சி.யில் இன்டர்லேஸ் நீக்கத்தை அணைத்துவிட்டு, யாராவது கையை வீசுகிற அல்லது வேகமாக நடக்கிற ஓர் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் எல்லாப் பிரேம்களிலும் தெரிந்தால் அது பெரும்பாலும் இன்டர்லேஸ் வீடியோ. என்டிஎஸ்சி வட்டில் மூன்று பிரேம்கள் தெளிவாகவும் அடுத்த இரண்டு கோடுகளோடும் மாறி மாறி வந்தால், அது திரைப்படம். எங்குமே கோடுகள் இல்லையென்றால் முழு பிரேம் பதிவு. பேல் வட்டில் உள்ள திரைப்படத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: ஃபீல்டுகள் ஓர் அடி தள்ளி இணைக்கப்பட்டிருந்தால், படம் முழுவதும் கோடுகள் தெரிந்தாலும் உள்ளே முழு பிரேம்களே இருக்கும்; இணையான ஃபீல்டுகளைத் திரும்பச் சேர்த்தால் அவை தெளிவாக வெளிவரும்.

புள்ளிகளின் எண்ணிக்கை, பிரேம் வேகம் போன்ற விவரங்களை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். ஆனால் அது காட்டுவது வட்டில் எழுதியிருக்கும் குறிப்பை மட்டுமே. பதிவின் பிறப்பைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

பேல் வட்டில் உள்ள திரைப்படத்தை என்டிஎஸ்சியாக மாற்றுவது எப்படி?

24 பிரேம் திரைப்படத்தைப் பேல் வட்டில் ஏற்றும்போது, வழக்கமாக அதை 25 பிரேம் வேகத்துக்கு முடுக்கிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலியையும் அப்படியே முடுக்கியிருந்தால் பாடகரின் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டையில் பத்தில் ஏழு பங்கு உயர்ந்துவிடும். பாட்டை நன்றாக அறிந்த காது அதைக் கண்டுகொள்ளும்.

ஆகவே என்டிஎஸ்சிக்கு மாற்றும்போது படத்தை விநாடிக்கு 23.976 பிரேம்களாகத் தாழ்த்துவதே நேர்மையான வழி. படம் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்பும்: 144 நிமிடம் 150 நிமிடம் 9 விநாடி ஆகும். மிஞ்சும் அந்த 9 விநாடி, 24க்கும் 23.976க்கும் உள்ள ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டால் வருவது. யாரும் உணர மாட்டார்கள். ஒலியையும் அதே அளவு தாழ்த்தினால் சுருதியும் சரியான இடத்துக்கு வந்துவிடும். சில வட்டுகளில் முடுக்கும்போதே சுருதியை மட்டும் திருத்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஒலியைச் சுருதி மாறாமல் நீட்ட வேண்டும். எது என்று தெரிய, அதே பாட்டின் இசைத்தட்டுப் பதிவோடு ஒப்பிட்டுக் கேட்பதே போதும்.

23.976 பிரேம்கள் 29.97 ஆவதற்கு, ஒரு பிரேமிலிருந்து இரண்டு ஃபீல்டு, அடுத்ததிலிருந்து மூன்று ஃபீல்டு என்று மாற்றி மாற்றிக் காட்டப்படும். இதைப் படத்துக்குள்ளேயே எழுத வேண்டியதில்லை. ‘மீண்டும் காட்டுக’ என்று பிளேயருக்குச் சொல்லும் கொடியை (சிறு குறிப்பை) மட்டும், டிவிடியில் படத்தை அழுத்தி எழுதும் வடிவமான எம்பெக்-2இன் ஓடையில் இட்டால், பிளேயரே அதைச் செய்துகொள்ளும். வட்டில் 23.976 பிரேம்களே இருப்பதால் இடமும் மிச்சம், தரமும் மேல். டிஜிபுல்டவுன் என்ற சிறிய இலவசக் கருவி இந்தக் கொடிகளை இடுவதற்கென்றே உள்ளது.

என்டிஎஸ்சி திரைப்பட வட்டைப் பேல் ஆக்க வேண்டுமென்றால்?

மேலே சொன்னதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கொடிகள் மட்டும் இருந்தால் அவற்றைப் புறக்கணித்தால் 23.976 கிடைத்துவிடும். மீண்டும் வரும் ஃபீல்டுகள் படத்திலேயே எழுதப்பட்டிருந்தால், ஃபீல்டுகளைப் பொருத்தி ஐந்தில் ஒரு பிரேமை நீக்க வேண்டும். பிறகு 25க்கு முடுக்கி, ஒலியைச் சுருதி மாறாமல் சுருக்கலாம். இசைப் படமாக இருந்து காலப்பிரமாணம் மாறுவதை விரும்பாதவர்கள், வேகத்தைத் தொடாமல் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு ஃபீல்டுகளை மட்டும் கூடுதலாகக் காட்டச் செய்யலாம்; கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் சிறு தயக்கம் தெரியும், மற்ற இடங்களில் தெரியாது.

திருமணம், அரங்கேற்றம் போன்ற வீடியோ பதிவுகளுக்கு எது சரியான வழி?

கடினமான பகுதி இதுதான். விநாடிக்கு 50 கணங்களைப் பதிந்த வீடியோவை 59.94 கணங்களாகக் காட்ட வேண்டும். இல்லாத பத்துக் கணங்கள் ஒவ்வொரு விநாடிக்கும் எங்கிருந்தாவது வர வேண்டும். திரைப்படத்தைப் போல வேகத்தைத் தாழ்த்தி ஒப்பேற்றுவது இங்கே முறையல்ல, ஏனென்றால் நான்கு விழுக்காடு தாழ்த்திய நடனத்தில் ஜதியின் விறுவிறுப்பே போய்விடும்.

முதல் படி, ஒவ்வொரு ஃபீல்டையும் தனித்தனி முழு பிரேமாக விரித்து, விநாடிக்கு 50 பிரேம்கள் கொண்ட படமாக்குவது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் உள்ள யாடிஃப், பிடபிள்யூடிஃப் வடிகட்டிகள் இதைச் செய்யும். அவிசிந்த் என்ற இலவச மென்பொருளில் ஓடும் கியூடிஜிஎம்சி மிக மெதுவானது என்றாலும் இதுவரை நான் பார்த்தவற்றில் அதன் விளைவே மிகத் தூய்மையானது. இரண்டாம் படி, 576 வரிகளை 480 ஆகச் சுருக்குவது. மூன்றாம் படி, 50ஐ 59.94 ஆக்குவது. நான்காம் படி, அவற்றை மீண்டும் ஃபீல்டுகளாகப் பின்னி 29.97 இன்டர்லேஸ் படமாக்குவது.

மூன்றாம் படிக்கு மூன்று முறைகள் உண்டு. ஒவ்வொரு ஐந்தாவது படத்தையும் இருமுறை காட்டுவது முதல் முறை. ஒவ்வொரு படமும் கூர்மையாக இருக்கும், ஆனால் விநாடிக்குப் பத்து முறை ஒரு சிறு துள்ளல் தோன்றும். அடுத்தடுத்த படங்களைக் கலப்பது இரண்டாம் முறை. துள்ளல் மறையும், அசையும் உருவங்களுக்கு ஆவி போன்ற இரட்டை விளிம்பு வந்துவிடும். அசைவைக் கணித்து இடைப்பட்ட படங்களைப் புதிதாக வரைவது மூன்றாம் முறை. அவிசிந்தின் எம்விடூல்ஸும் எஃப்எஃப்எம்பெக்கின் எம்இன்டர்போலேட்டும் இவ்வகை. மெதுவான அசைவுகளில் இதன் விளைவு வியக்கத்தக்கது. ஆனால் அட்சதை தூவும் காட்சி, கேமரா ஒளி மின்னும் கணம், நட்டுவாங்கத்தின் விரைவில் தாளமிடும் பாதம் ஆகிய இடங்களில் கணிப்பு தவறி, படத்தில் பிய்ந்த துண்டுகள் தோன்றும்.

என் தேர்வைக் கேட்டால், மேடையும் மண்டபமும் நிறைந்த அமைதியான சடங்குப் பதிவுக்கு அசைவைக் கணிக்கும் முறையையும், நடனப் பதிவுக்கு மீண்டும் காட்டும் முறையையும் சொல்வேன். ஆடுபவரின் விரல் பிய்ந்து தெரிவதைவிடச் சிறு துள்ளல் மேலானது. கலக்கும் முறையை எதற்குமே பரிந்துரைக்க மாட்டேன். அதில் இழந்த தெளிவைப் பின்னால் யாராலும் முழுமையாக மீட்க முடியாது. எதைத் தேர்ந்தாலும், அட்சதைக் காட்சியையும் ஊர்வலக் காட்சியையும் உள்ளடக்கிய இரண்டு மூன்று நிமிடத் துண்டை முதலில் மாற்றிப் பார்த்துவிட்டு, பிறகு முழுப் பதிவையும் ஓட விடுங்கள்.

என்டிஎஸ்சி விழாப் பதிவைப் பேல் ஆக்குவதும் இதே நான்கு படிகள்தான். அங்கே பத்துக் கணங்களைச் சேர்ப்பதற்குப் பதிலாக நீக்க வேண்டும். 480 வரிகள் 576 ஆவதால் படம் கூடுதல் தெளிவு பெற்றுவிடாது.

முழு பிரேம்களாக 25 வேகத்தில் எடுத்த பதிவு?

இது எளிது. கொடிகள் மூலமே 25ஐ 29.97 ஆக்கலாம், டிஜிபுல்டவுனில் அதற்கு வழி இருக்கிறது. ஒலியின் வேகத்தைத் தொட வேண்டியதே இல்லை.

இன்டர்லேஸை நீக்காமல் வரிகளை மட்டும் சுருக்கினால் என்ன?

செய்யவே கூடாது. இரு வேறு கணங்களின் வரிகள் ஒன்றோடொன்று கலந்து, அசையும் இடமெல்லாம் அழியாத கறையாகிவிடும். கடைகளில் மாற்றிக் கொடுத்த வட்டுகளில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுவே. அகலம் இரண்டு வகையிலும் 720 புள்ளிகளே என்பதால் அதைத் தொட வேண்டாம். புள்ளிகளின் வடிவ வேறுபாட்டைப் பிளேயர் பார்த்துக்கொள்ளும். 4:3 படமா 16:9 படமா என்ற குறிப்பை மட்டும் மறக்காமல் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் குட்டையாகவோ நெட்டையாகவோ தெரிவார்கள்.

மாற்றிய வட்டில் அசைவுகள் முன்னும் பின்னும் உதறுகின்றனவே, ஏன்?

ஃபீல்டுகளின் வரிசை தலைகீழாகியிருக்கிறது. டிவி (DV) எனப்படும் டிஜிட்டல் வீடியோ டேப் கேமராக்கள் கீழ் ஃபீல்டை முதலில் பதிபவை. பேல் வட்டுகளில் மேல் ஃபீல்டு முதலில் வருவதே வழக்கம். மென்பொருளுக்குத் தவறான வரிசையைச் சொன்னால், காலம் ஓர் அடி முன்னும் ஓர் அடி பின்னுமாக ஓடும். இந்தக் குறை கணினித் திரையில் தெரியாமல் தொலைக்காட்சியில் மட்டும் தெரியக்கூடும் என்பதால், வட்டை எழுதியதும் தொலைக்காட்சியில் ஒருமுறை பாருங்கள்.

ஒலியிலும் வசன வரிகளிலும் கவனிக்க வேண்டியவை எவை?

ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். பேல் வட்டுகளில் எம்பெக் வகை ஒலி இருக்கலாம் என்றாலும், என்டிஎஸ்சி பிளேயர்கள் அதை ஏற்கக் கட்டாயம் இல்லை. எனவே கனடாவுக்குப் போகும் வட்டில் டால்பி ஏசி-3 ஒலியையே எழுதுங்கள். படத்தை மட்டும் தாழ்த்தி ஒலியை மறந்துவிட்டால், ஒரு மணி நேரத்தில் இரண்டும் இரண்டரை நிமிடம் விலகிவிடும். வட்டின் வசன வரிகள் எழுத்துகளாக அல்லாமல் சிறு படங்களாகச் சேமிக்கப்பட்டவை என்பதால், நேரத்தோடு அவற்றின் உயரத்தையும் இடத்தையும் மாற்ற வேண்டும்.

எந்த மென்பொருள் நல்லது?

எஃப்எஃப்எம்பெக் ஒன்றே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். ஆனால் அதில் என்டிஎஸ்சி டிவிடி என்று இலக்கைக் குறிப்பிடும் ஒற்றை வசதியை மட்டும் நம்பினால், இன்டர்லேஸை நீக்காமலே வரிகளைச் சுருக்கி, பிரேம்களை இரட்டித்து முடித்துவிடும். முன் சொன்ன வடிகட்டிகளை நாமே சேர்க்க வேண்டும். ஹேண்ட்பிரேக் எம்பி4, எம்கேவி கோப்புகளுக்கு ஏற்றது, டிவிடி வட்டை அது உருவாக்காது. முடிந்த படத்தை வட்டாக அமைக்க டிவிடிஸ்டைலர் உதவும். இடைநிலைப் படிகளில் எல்லாம் எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத வடிவில் சேமியுங்கள்; எம்பெக்-2 ஆக அழுத்துவது கடைசியில் ஒரே ஒரு முறைதான் நடக்க வேண்டும்.

ஒரு வட்டில் எவ்வளவு நேரம் எழுதலாம்?

4.7 ஜிபி வட்டில் இரண்டு மணி நேரம் எழுதினால் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து விநாடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் கிடைக்கும். இன்டர்லேஸ் விழாப் பதிவுக்கு அதுவே எல்லை. நான்கு மணி நேரத் திருமணத்தை ஒரே வட்டில் திணிக்காமல், முகூர்த்தம் ஒன்றிலும் வரவேற்பு மற்றொன்றிலுமாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

கனடாவிலிருந்து வந்த உறவினரின் கேமராவில் எடுத்ததையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் ஒரே வட்டில் இரு முறைகளையும் கலக்க இயலாது. ஏதேனும் ஒன்றை மாற்றியாக வேண்டும். எந்தப் பதிவு அதிகமோ அதன் முறையை வைத்துக்கொண்டு சிறியதை மாற்றுங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற கேமராவில் நம் ஊர் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தவற்றில் ஒளி துடிப்பது இயல்பு, ஏனென்றால் இங்கே விளக்குகள் விநாடிக்கு 100 முறை மின்னுகின்றன. எடுக்கும்போதே ஷட்டரை 1/100 விநாடியில் வைத்தால் அது பெருமளவு தவிர்க்கப்படும். எடுத்த பிறகு நீக்குவது கடினம்.

பழைய விசிடி வட்டுகளை?

அவற்றில் இருப்பது பேல் என்றால் 352 × 288, என்டிஎஸ்சி என்றால் 352 × 240 புள்ளிகள் கொண்ட, ஃபீல்டுகள் இல்லாத படம். கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள், மாற்றி அழுத்தினால் மிஞ்சியிருக்கும் தெளிவும் போய்விடும்.

கடையில் வாங்கிய திரைப்பட வட்டை மாற்றலாமா?

பூட்டில்லாத வட்டுக்கே இங்குள்ள முறைகள் பொருந்தும். நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டை உடைப்பதற்கு அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவும் வரம்பு விதிக்கின்றன. இரு முறைகளையும் ஓட்டும் பிளேயரே இதற்குத் தக்க தீர்வு.

என்னிடம் இருப்பதே ஏற்கெனவே மோசமாக மாற்றிய வட்டு. அதைச் சீராக்க முடியுமா?

ஃபீல்டுகளைப் பிரித்துப் பார்க்கும்போது இரட்டை விளிம்புகள் தெரிந்தால், அது கலக்கும் முறையில் மாற்றப்பட்டது. மூலம் திரைப்படமாக இருந்தால், அவிசிந்தின் எஸ்ரீஸ்டோர் கலக்காத படங்களைத் தேடியெடுத்து ஓரளவு மீட்டுத்தரும். விழா வீடியோவாக இருந்தால் மீட்பு அரிது. அந்த நேரத்தை, படம் எடுத்தவரிடமோ மற்ற உறவினரிடமோ மூல டேப் அல்லது முதல் வட்டு இருக்கிறதா என்று விசாரிப்பதில் செலவிடுங்கள்.

மாற்றி முடித்ததும் பழைய வட்டை எறிந்துவிடலாமா?

கூடாது. மாற்றத் தொடங்கும் முன்பே வட்டு முழுவதையும் ஐஎஸ்ஓ கோப்பாகப் படியெடுத்து, இரு வேறு வன்தட்டுகளில், முடிந்தால் இரு வேறு வீடுகளில் வையுங்கள். வீட்டில் எழுதிய வட்டுகளின் சாயப்படலம் வெயிலிலும் ஈரத்திலும் கெடக்கூடியது. படியெடுக்கும்போது பிழை வந்தால் வேறு டிரைவில் மெதுவான வேகத்தில் மீண்டும் முயலுங்கள், ஒரு டிரைவ் படிக்காததை மற்றொன்று படிப்பது உண்டு. கோப்பின் பெயரில் நிகழ்ச்சி, ஆண்டு, பேல் அல்லது என்டிஎஸ்சி, இன்டர்லேஸ் உண்டா இல்லையா என்பதை எழுதிவையுங்கள். அடுத்து மாற்றப்போகிறவர் முதலில் தேடுவது அந்த நான்கு விவரங்களைத்தான்.